உன் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர்

மகளே, இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் உனக்குப் பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டிருக்கிறது. அதனால்தான் இதை அந்த நீலப் பிளாஸ்டிக் கோப்புக்குள், பத்திரத்துக்கு அடியில் வைக்கிறேன். கல்யாணத்துக்கோ வேலைக்கோ என்றாவது ஒருநாள் நீ அதைத் தேடுவாய். இப்போது உனக்கு இரண்டு வயதும் சில மாதங்களும். வெள்ளாங்குளத்தில் எங்கள் தகரக் கொட்டிலுக்கு வெளியே வெறும் அரிசிச் சாக்கில் இருந்துகொண்டு, சிரட்டைக்குள் மணலை நிரப்புவதும் கொட்டுவதுமாக இருக்கிறாய். எனக்குப் பத்தொன்பது வயது. நீ இதை வாசிக்கும்போது இதை எழுதிய என்னைவிட மூத்தவளாக இருப்பாய். அதனால் பெரிய புத்திமதி சொல்கிற துணிவு எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதக் கொஞ்சம் வரும்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே எழும்பாது. ஆசிரியை பெயர் கூப்பிட்டாலே அழுகை வந்துவிடும். ஆனால் எழுத்து உருண்டையாக இருக்கும் என்று கரும்பலகையில் திகதி எழுத என்னைத்தான் விடுவார். ஒன்பதாம் வகுப்போடு அதுவும் நின்றுபோனது. வீதியில் போகிற பெரிய பிள்ளைகளை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. கல்யாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். எனக்கு அப்போது பதினாறு. கல்யாணப் பத்திரத்தில் பதினெட்டு என்று எழுதினார்கள். இன்னொருவரின் கடதாசியில் உள்ள பொய்யைப் பற்றித்தான் உனக்கு எழுத வந்தேன். அதற்கு முன் என் வயதே பொய் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ பிறந்தது சண்டையின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் வெட்டிய ஒரு பங்கருக்குள். நல்ல வெயில் நேரம். மேலே ஷெல் கூவிக்கொண்டு போனது. என்னைப் பெற்ற அம்மா அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் செத்துப்போனார். பங்கருக்குள் எங்களோடு இருந்தது சுகந்தி அக்காவும் அவருடைய மூன்று பிள்ளைகளும். இடம்பெயர்ந்த வழியில் பழக்கமானவர். உயிலங்குளத்தில் வயல் செய்த குடும்பம். தண்ணீருக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. உன் அப்பா வெளியே ஓடி, யாராவது வைத்தியம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கத்தியிருக்கிறார். அந்த வழியால் போய்க்கொண்டிருந்த இயக்கத்தின் மருத்துவப் பிரிவுப் பிள்ளை ஒருத்தி இறங்கி வந்தாள். இருபது வயது இருக்குமோ என்னவோ. வலது கைப் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. வந்தவுடன் அந்த விரலால் என் கணுக்காலுக்கு மேலே அழுத்தி எடுத்துப் பார்த்தாள். "குழி விழேல்லை. நல்லது. குழி விழுந்து அப்பிடியே நிண்டாத்தான் பயப்பிடோணும்" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, "கண்ணை மூடாத தங்கச்சி, என்னைப் பார்" என்றாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தி அக்கா தன் மூன்று பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு முகத்தை மண்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. நீ அழுத பிறகும் திரும்பவில்லை. அந்தப் பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு, வந்த மாதிரியே ஏறிப் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, இயக்கத்தோடு ஒருநாள் இருந்தாலும் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உன் அப்பா இயக்கத்துக்குப் பங்கர் வெட்டப் போனவர். பெயர் கொடுத்தார், கொண்டுபோய்விட்டார்கள். முகாமில் நானும் நீயும் சுகந்தி அக்கா குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். ஒருநாள் பிறப்புப் பதிய ஆட்கள் வந்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். மேசைக்காரர் உன் பெயர், என் பெயர், இடம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, பிறப்பின்போது உடனிருந்து பிள்ளையை எடுத்தது யார் என்று கேட்டார். இரண்டு கதிரை தள்ளி ஒரு ஆமிக்காரர் இருந்தார். இயக்கப் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? உன் அப்பா வேறு உள்ளே இருக்கிறார். உன்னைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தேன். மேசைக்காரர் இரண்டாம் முறை கேட்டார். பின்னால் நின்ற சுகந்தி அக்கா என் தோளுக்கு மேலால், "நான்தான் ஐயா எடுத்தது" என்றார். பிரசவம் பார்க்கப் பழகினவரோ என்று அவர் கேட்க, "ஓம், கொஞ்சம் பழகினனான்" என்று கூசாமல் சொன்னார். பத்திரத்தோடு சேர்ந்த சத்தியக்கடதாசியில் அவருடைய பெயர் ஏறியது. வெளியே வந்ததும், "வாயில கொழுக்கட்டையோ பிள்ளை வச்சிருந்தனீ?" என்று என் தலையில் குட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதை நீ மறக்கக் கூடாது. இந்தப் பொய்யை முதலில் சொன்னது எனக்காக.

மீளக்குடியமர்த்தியபோது சுகந்தி அக்காவும் எங்களோடு வெள்ளாங்குளம் வந்தார். இங்கே அவருடைய தாய்வழிக் காணி ஒன்று இருந்தது. உன் அப்பாவும் விடுதலையாகி வந்து, கிழமைக்கு ஒருமுறை ஆமி முகாமில் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கடதாசிப் பஞ்சம். அடையாள அட்டை, படிப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் ஓடுகிற வழியில் போய்விட்டன. ஊர் அதிகாரியான விதானையாரிடம் ஒரு கடிதமும் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசியும் எடுத்து, யுத்தத்தில் அழிந்துவிட்டது என்று எழுதினால் அதுவே சான்றிதழ். உண்மையாகப் படித்தவருக்கும் அந்த ஒரே வசனம், படிக்காதவருக்கும் அதே வசனம். என் எழுத்தைப் பார்த்து ஊரில் எல்லோரும் என்னிடம் விண்ணப்பம் எழுத வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பேசத் தேவையில்லை, அவர்கள் சொல்ல நான் எழுதினால் போதும்.

அப்படி ஒருநாள் சுகந்தி அக்கா வந்தார். ஒரு நிறுவனம் எங்கள் ஊருக்குத் தாய் சேய் நலத் தொண்டர் ஒருவரை எடுக்கப் போவதாகப் பொதுநோக்கு மண்டபத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அரசாங்க மருத்துவமாது இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். மழைக்குப் பாதை முறிந்தால் அதுவும் இல்லை. இடையில் கர்ப்பிணிகளைப் பார்க்க, பிள்ளைகளை நிறுக்க ஒரு ஆள் வேண்டும், பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சுகந்தி அக்கா கவிழ்த்த மீன் பெட்டியில் இருந்துகொண்டு பயோடேற்றா சொன்னார். பெயர், முகவரி, பிள்ளைகள் எல்லாம் எழுதினேன். தொழில் தகைமை என்ற இடத்தில், "மருத்துவமாதுப் பயிற்சி, ஆஸ்பத்திரி ஒண்டில" என்றார். எத்தனை வருடம் என்று கேட்டேன். கடற்பக்கம் பார்த்துவிட்டு, "ரெண்டு எண்டு போடு" என்றார்.

அந்தப் "போடு" என் பேனையை நிறுத்திவிட்டது. இரண்டு வருடம் படித்த ஆள் இரண்டு என்று சொல்லுவார், இரண்டு என்று போடு என்று சொல்ல மாட்டார். எனக்கு அந்த மண்சுவர் ஞாபகம் வந்தது. ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். கேட்க வேண்டியது எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. எந்த ஆஸ்பத்திரி, கூடப் படித்தது யார், அன்றைக்கு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. பேனை எழுதவில்லை என்று சொல்லி உதறிவிட்டு எழுதினேன். கீழே அனுபவம் என்ற இடத்தில் உன் பெயரும் வந்தது. யுத்த காலத்தில் பங்கருக்குள் பிரசவம் பார்த்தவர், ஆதாரம் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு உள்ள சத்தியக்கடதாசி. தெரிந்தவர்கள் இருவரின் கையெழுத்துக் கேட்ட இடத்தில் ஒன்று விதானையாருடையது, மற்றது என்னுடையது. அந்த உருண்டை எழுத்து என்னுடையதுதான், நீ எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாய்.

மகளே, உனக்கும் இப்படி ஒருநாள் வரலாம். தெரிந்தவர் ஒருவர், நன்றி மறக்க முடியாதவர், ஒரு கடதாசியை நீட்டுவார். அதில் ஒரு வரி உனக்கு இடறும். அப்போது கேட்டுவிடு. ஊருக்குச் சொல்லாதே, கந்தோரில் இருக்கிற அதிகாரிகளுக்கும் எழுதாதே. முதலில் அந்த ஆளிடமே, தனியாக, முகத்தைப் பார்த்துக் கேள். கையெழுத்துப் போட முதல் கேட்டால் அது ஒரு கேள்வி. போட்ட பிறகு கேட்டால் காட்டிக்கொடுப்பது மாதிரி ஆகிவிடும். எனக்கு இது பிந்தித்தான் விளங்கியது.

வேலை அவருக்குக் கிடைத்தது. வெள்ளைச் சட்டை, தொங்குகிற தராசு, ஒரு பை. சம்பளம் வந்த முதல் மாதம் அவருடைய மூத்த மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. பிள்ளைகளை நிறுக்கும்போது பகிடி விடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். உன்னைத் தூக்கிக் காட்டி, "இது என்ர கையில விழுந்த முதல் ஆள், பாருங்கோ எப்பிடி உருட்டி எடுத்திருக்கிறன்" என்று சொல்லுவார். பங்கருக்குள் என்ன வெளிச்சம், எவ்வளவு மணல், நீ எப்படி அழுதாய் என்று எல்லாம் சொல்லுவார். சொல்லச் சொல்ல ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளரும். நான் தலையைக் குனிந்துகொண்டு உன் சட்டைப் பொத்தானைப் பூட்டுவேன்.

இரண்டு வீடு தள்ளி பவானி அக்கா இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவருக்கு அது முதல் பிள்ளை. ஏழு மாதம். மாரி மழை தொடங்கிப் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது, மருத்துவமாது ஒரு மாதமாக வரவில்லை. ஒருநாள் குழாய்க்கிணற்றடியில் பவானி அக்காவின் முகத்தைப் பார்த்தேன், ஊதியிருந்தது. தலையிடிக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றார். என்ன துணிவு வந்ததோ, குந்தியிருந்து அவருடைய காலைப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஒரு மஞ்சாடி விதை வைக்கலாம் போல.

நேரே சுகந்தி அக்காவிடம் போனேன். சோறு வடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, பவானியக்கான்ர காலில குழி விழுகுது" என்றேன். திரும்பாமலே, "ஆருக்குத்தான் விழேல்லை? உந்தக் குளிருக்கு எனக்கும் கால் ஊதித்தான் கிடக்கு. பார்லி குடிக்கச் சொன்னனான்" என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நல்லது என்று மெதுவாகச் சொன்னேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "நீ எப்ப பிள்ளை டொக்டருக்குப் படிச்சனீ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை. நீங்கள் எப்போது படித்தீர்கள் என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வேறு இல்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பவானி அக்காவிடமே போனேன். உழவு மெசின் ஒன்று பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "சுகந்தியக்கா ஒண்டும் இல்லை எண்டுதானே சொன்னவ. அவ படிச்சவ. உன்ர பிள்ளையையும் அவதானே எடுத்தவ?" என்றார். இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக என் கையெழுத்து ஏற்கெனவே கந்தோரில் இருந்தது. இல்லை என்று சொன்னால், யார் எடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். உன் அப்பா திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போக வேண்டும். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பவானி அக்கா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் அவருக்கு வலிப்பு வந்தது. உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் பாய் விரித்துக் கொண்டுபோனார்கள். சுகந்தி அக்கா அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனார். தண்ணீர் பாய்கிற இடத்தில் இறங்கி இடுப்பளவு நனைந்து மெசினைத் தள்ளினார் என்று பிறகு சொன்னார்கள். பவானி அக்கா உயிரோடு திரும்பி வந்தார். பிள்ளை வரவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஊரில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இவ்வளவு சாவு பார்த்த ஊர். மழை, பாதை, விதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பவானி அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் முடியவில்லை. குழாய்க்கிணற்றுக்கு அவர் வராத நேரம் பார்த்துத்தான் போகிறேன்.

நேற்று அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். நல்லவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பவானி அக்காவின் விசயத்துக்குப் பிறகு சுகந்தி அக்காவின் பயோடேற்றாவைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். இப்போது விசாரித்தபோது அவர் பெயர் சொன்ன ஆஸ்பத்திரியில் கேட்டால், அந்த வருடங்களின் பதிவேடே இல்லையாம். சண்டையில் போய்விட்டது. ஆகவே அவர் படித்தார் என்றும் சொல்ல முடியாது, படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கையில் உள்ள ஒரே ஆதாரம் உன் பத்திரம்தான். மிஸ் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, பயப்பிடாமல் சொல்லுங்கோ. இந்தப் பிள்ளையை எடுத்தது அவதானோ?" என்று கேட்டார்.

நீ என் மடியில் இருந்தாய். வாசலில் உன் அப்பா கதவுச் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பவானி அக்காவின் காலில் விழுந்த குழி என் கண்ணுக்குள் வந்தது. "இல்லை மிஸ்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆளிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மிஸ் பேனையை எடுத்தார். "அப்ப ஆர் எடுத்தது?" என்று கேட்டார்.

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுத்தியலைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது. தெரியாது என்றேன். "பெத்தது நீங்கள்தானே தங்கச்சி, அது எப்பிடித் தெரியாமல் போகும்?" என்றார் மிஸ். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் உன் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தேன். பிறகு, "சுகந்தியக்காதான் மிஸ். நான் மாறிச் சொல்லிப்போட்டன்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். அவர் எழுதுவதை நான் தலைகீழாக வாசித்தேன். தாய் உறுதிப்படுத்தினார். உன் அப்பா திரும்பவும் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

மிஸ் போன பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சுகந்தி அக்கா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "நீ முதல் சொன்னதும் எனக்குக் கேட்டது" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். "அண்டைக்கு நான் சுவரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அது உண்மை. உன்னில நான் கை வச்சிருந்தால் இது படிச்ச கை எண்டு அந்த இயக்கப் பிள்ளை கண்டிருப்பாள். அடுத்த நாளே கொண்டுபோயிருப்பாங்கள். மூண்டு பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டுப் போறது?" என்றார். அப்படி எத்தனையோ பேர் தெரிந்த தொழிலை மறைத்தார்கள், அது எனக்கும் தெரியும். அப்படியென்றால் பவானி அக்கா? நான் கேட்கவில்லை, ஆனால் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "படிச்சு எத்தின வருசம். மறந்துபோச்சு பிள்ளை" என்றார். பிறகு, "நம்புறியோ?" என்று கேட்டார். நான் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் போய்விட்டார். இன்றைக்குக் காலையில் மண்டபத்தில் பார்த்தேன். வந்திருந்த ஒவ்வொரு கர்ப்பிணியின் காலையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்திப் படித்தது ஞாபகம் வந்ததா, நான் சொல்லக் கேட்டுப் படித்ததா, எனக்குத் தெரியாது. அவர் படித்தவரா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. நீ பெரியவளாகி இதை வாசிக்கிற நாளிலும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கடதாசியைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்காமல், யாருக்கு நோகப்போகிறதோ அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. பவானி அக்கா ஏசினாலும், அடித்தாலும். என்னால் முடியவில்லை. உனக்கு என்னைவிடப் பெரிய குரல் இருக்கிறது. சிரட்டையை யாராவது எடுத்தால் நீ கத்துகிற கத்தலில் தெரிகிறது. அதை யாரும் அடக்க விடாதே.

ஊரில் உன்னைச் சுகந்தி அக்கா எடுத்த பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவரைக் கண்டால் மரியாதையாகக் கதை, அவர் இல்லாவிட்டால் உனக்குப் பத்திரமே இருந்திருக்காது. ஆனால் உன்னை இந்த உலகத்துக்கு எடுத்தது அந்தப் பெயர் இல்லை. அவளுக்கு இருபது வயது இருக்கும், வலது பெருவிரல் நகம் கறுப்பு, குரல் கொஞ்சம் கரகரப்பு. அவள் பிழைத்தாளோ இல்லையோ தெரியாது. நீ அழுததும் உன்னை என் நெஞ்சில் வைத்துவிட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது கேட்பேனோ என்று பார்க்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பெயரைக் கேட்கவில்லை.

உன் அம்மா
(பத்திரத்தில் இருபத்தொரு வயது)